ஏறாவூரில் இறங்காத புத்தகங்கள்

பாடசாலை நூலகத்தைப் பத்திரமாக நடத்த விரும்பும் ஆசிரியர்களுக்கு ஒரு கைந்நூல்

மட்டக்களப்புப் பக்கத்தில் முக்குவரும் பட்டாணியரும் ஒன்றுசேர்ந்து, எதிரிகளான திமிலரை வடக்கே துரத்திக்கொண்டு போனார்களாம். சத்துருவைக் கொன்ற இடம் சத்துருக்கொண்டான். வந்து களைப்பு ஆறிய இடம் வந்தாறுமூலை. போனவன் திரும்ப ஏறிவராதபடி காவல் போட்ட இடம் ஏறாவூர். இது ஊர்க்கதை. மெய்யோ பொய்யோ, காவல் காக்கும் குணம் மட்டும் எங்களிடம் தங்கிவிட்டது. அதை முழுசாகப் பார்க்க வேண்டுமென்றால் நான் படிப்பித்த பள்ளிக்கூடத்து நூலகத்துக்கு நீங்கள் வந்திருக்க வேண்டும். எதிரி ஊருக்குள் ஏறவில்லை; புத்தகம் அலுமாரியை விட்டு இறங்கவில்லை.

அந்த நூலகத்துக்குப் பதினொரு வருடம் நான்தான் பொறுப்பு. நூலகப் பொறுப்பு பொதுவாக மூன்று பேரில் ஒருவருக்குத்தான் கிடைக்கும்: பாடவேளை குறைந்தவர், மாடிப்படி ஏற முடியாதவர், அதிபரோடு வாய் காட்டியவர். எனக்கு மூன்று தகுதியும் இருந்தன. அந்த அனுபவத்தில் எழுதுகிறேன். புதிதாகப் பொறுப்பெடுப்பவர்கள் வரிசை தவறாமல் பின்பற்றவும்.

1. முதலில் பூட்டு, பிறகு புத்தகம்

நூலகம் தொடங்க அவசியமான முதல் பொருள் நல்ல பூட்டு. கண்ணாடிக் கதவு வைத்த அலுமாரி உத்தமம். பிள்ளைகள் புத்தகத்தைப் பார்க்கலாம், புத்தகமும் பிள்ளைகளைப் பார்க்கலாம், அதோடு சரி. திறப்பு உங்கள் கைப்பையில் இருக்கட்டும். நீங்கள் லீவு போடும் நாளில் திறப்பும் லீவு போடும். எனக்கு முன்னால் பொறுப்பிலிருந்த டீச்சர் பிரசவ லீவில் போனபோது திறப்பும் கூடவே போனது. பிள்ளை தவழத் தொடங்கிய பிறகுதான் அலுமாரி திறந்தது. அத்தனை மாதத்தில் ஒரு புத்தகமாவது தொலைந்ததா? இல்லை.

இதைக் கஞ்சத்தனம் என்று எண்ணிவிடாதீர்கள். வருட முடிவில் பொருட்கணக்கெடுப்புக்கு ஆள் வரும். சேர்வுப் பதிவேட்டில் 1,140 புத்தகம் என்று எழுதியிருந்தால் 1,140உம் கண்முன் நிற்க வேண்டும். ஒன்று குறைந்தால் விளக்கக் கடிதம். நாலைந்து குறைந்தால் உங்கள் பொக்கெற். “இதில் எத்தனை புத்தகம் வாசிக்கப்பட்டது?” என்று பதினொரு வருடத்தில் ஒருவரும் கேட்டதில்லை. கேட்டாலும் பதில் எழுதப் பதிவேட்டில் நிரல் கிடையாது. ஆகவே, நின்ற இடத்தில் நிற்கும் புத்தகமே அரச சேவைக்கு உகந்த புத்தகம்.

பயத்துக்கு ஒரு சரித்திரமும் உண்டு. 1978 நவம்பரில் அடித்த சூறாவளி மட்டக்களப்பில் கூரைகளோடு கடதாசிகளையும் கொண்டுபோனது. 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது ஏறக்குறைய 97,000 நூல்கள் சாம்பலாயின. 1990 ஓகஸ்ட் படுகொலையில் ஏறாவூர் பட்ட பாட்டை ஊரில் எவருக்கும் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அந்த வருடம் புத்தகத்தை நினைக்க யாருக்கு மனம் இருந்தது? 2004இல் கடல் வந்தது. பறந்ததும் எரிந்ததும் நனைந்ததும் போக எஞ்சியதைப் பூட்டிவைக்கப் பழகியவர்கள் நாங்கள். அதில் பிழை காண முடியாது. ஆனால் இந்தப் பட்டியலில், பிள்ளைகள் கைபட்டு அழிந்த நூலகம் என்று ஒன்றுகூட இல்லை. இந்தக் கடைசி வசனத்தைக் கைந்நூலில் சேர்த்திருக்கக் கூடாது, வாசிக்காமல் விட்டுவிடவும்.

2. இலக்கம் ஒட்டுங்கள், பெயரை மறையுங்கள்

அமெரிக்கரான மெல்வில் டூயி 1876இல் உலகத்து அறிவையெல்லாம் பத்து வகுப்பாகப் பிரித்துவைத்தார். இஸ்லாம் 297. சமையல் 641.5. தமிழ் இலக்கியம் 894.811. இந்த இலக்கத்தைச் சிறு துண்டில் எழுதிப் புத்தகத்தின் முதுகில் ஒட்ட வேண்டும். நூலின் பெயர் முற்றாக மறையும்படி ஒட்டத் தெரிந்தால் நீங்கள் கைதேர்ந்துவிட்டீர்கள்.

ஆறாம் தரத்துப் பொடியன் ஒருவன் வந்து, “சேர், பேய்க் கத இரிக்கா?” என்று கேட்பான். இருக்கிறது என்று சொல்லிவிடாதீர்கள். “894.811இல் பார்” என்று சொல்லுங்கள். அவன் அலுமாரியைப் பார்ப்பான், உங்களைப் பார்ப்பான், மைதானத்தைப் பார்ப்பான். மூன்றாவது பார்வையில் பிரச்சினை தீர்ந்துவிடும்.

அன்பளிப்புப் பெட்டிகள் வந்தால் வேண்டாம் என்று சொல்லாமல் வாங்கிக்கொள்ளுங்கள். எங்களுக்கு வந்த பெட்டியொன்றில் வின்டோஸ் 98 கைந்நூல் நாலு பிரதி, ஆங்கிலத்தில் வருமானவரிச் சட்டம், கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதி மட்டும் இருந்தன. உலகத்தில் மூன்றாம் தொகுதிக்குள் அடங்கும் எழுத்துகளில் தொடங்கும் விடயங்களை எங்கள் பிள்ளைகள் அறிந்திருக்க வேண்டும் என்று யாரோ பெருந்தகை விரும்பியிருக்கிறார். எல்லாவற்றுக்கும் சேர்வு இலக்கம் போடுங்கள். எண்ணிக்கை ஏறும், அறிக்கை அழகாகும்.

சீர்காழியில் பிறந்த எஸ். ஆர். ரங்கநாதன் 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் எழுதினார். நூல்கள் பயன்பாட்டுக்கே என்பது முதலாவது. நூலகம் ஒரு வளரும் உயிரி என்பது ஐந்தாவது. முதலாவதை நாங்கள் சற்றுத் தள்ளிவைத்தோம். ஐந்தாவதை அலுமாரியின் பின்பலகையில் கறையான் செவ்வனே நிறைவேற்றியது.

3. ஒக்டோபரில் திறவுங்கள்

ஒக்டோபர் தேசிய வாசிப்பு மாதம். தேசிய நூலக ஆவணவாக்கல் சேவைகள் சபை ஒவ்வொரு வருடமும் ஒரு தொனிப்பொருள் தரும். நீங்கள் செய்ய வேண்டியது அதைப் பெனரில் அச்சடிப்பது. பெனரின் அளவு நூலகத்தைவிடப் பெரிதாக இருக்கட்டும்.

திறப்பு விழாவுக்கு ரிப்பன், கத்தரிக்கோல், தட்டம், தட்டத்துக்கு வெள்ளைத் துணி. பற்றீஸும் ரோல்ஸும் பிரமுகர்களுக்கு, பிள்ளைகளுக்கு டொபி. காலைக் கூட்டத்தில் ஒருவர் வாசிப்பின் மகிமை பற்றி முக்கால் மணித்தியாலம் பேச வேண்டும். பிள்ளைகள் வெயிலில் நின்று கேட்க வேண்டும். அந்த நேரத்தில் ஒவ்வொருவர் கையிலும் ஒரு புத்தகத்தைக் கொடுத்திருந்தால் முன்னூறு பேர் நாப்பது பக்கம் வாசித்திருப்பார்களே என்று மனம் கணக்குப் போடும். போட விடாதீர்கள்.

புத்தகக் கண்காட்சி முக்கியம். மேசையில் பரப்பி, முன்னால் “தொட வேண்டாம்” என்று எழுதிவையுங்கள். படம் எடுக்கும்போது மட்டும் நாலு பிள்ளைகள் விரித்துப் பிடிக்கலாம். ஒருமுறை எங்கள் அறிக்கையோடு அனுப்பிய படத்தில், முன்வரிசைப் பிள்ளை புத்தகத்தைத் தலைகீழாகப் பிடித்திருந்தாள். ஒருவரும் கவனிக்கவில்லை. வாசித்துப் பார்த்தால்தானே தெரியும்.

மாதம் முடிய மாரி தொடங்கும். மழையில் புத்தகம் ஈரம் வாங்கும், பூஞ்சணம் பிடிக்கும் என்று மூடிவிடலாம். அதன்பிறகு மூன்றாம் தவணைப் பரீட்சை. ஜனவரியில் புது வகுப்பு, புது நேரசூசி. இப்படி அடுத்த ஒக்டோபர் வந்துவிடும்.

4. வாசிப்பவனைப் பிடித்துக் குறிப்பெழுத வையுங்கள்

இத்தனை காவலையும் மீறி ஒரு பிள்ளை வாசித்துவிட்டால் அதற்கும் மருந்து உண்டு. வாசிப்புக் குறிப்பேடு. நூலின் பெயர், ஆசிரியர், பதிப்பகம், பக்கம், சுருக்கம், “நான் பெற்ற படிப்பினை”. ஒவ்வொரு புத்தகத்துக்கும் எழுதிக் கையொப்பம் வாங்க வேண்டும்.

பலன் இரண்டு கிழமையில் தெரியும். பிள்ளைகள் புத்தகத்தை எடுத்ததும் பெயரைப் பார்க்க மாட்டார்கள். பக்கவாட்டில் பிடித்துத் தடிப்பைப் பார்ப்பார்கள். பதினாறு பக்கப் புத்தகத்துக்கு அடிபிடி நடக்கும். படிப்பினை எல்லாருக்கும் ஒன்றுதான்: “நாம் எப்போதும் நல்லதையே செய்ய வேண்டும்.” நீர்மூழ்கிக் கப்பல் பற்றிய புத்தகத்துக்கும் ஒருத்தி அதையே எழுதியிருந்தாள். நானும் கையொப்பம் போட்டேன்.

5. எல்லாத் தலைப்புக்கும் ஒரு கவிதை

இனிக் கவிதைக்கு வருவோம். தமிழ்மொழித்தினப் போட்டி கோட்டத்தில் தொடங்கி, வலயம், மாகாணம் என்று ஏறித் தேசிய மட்டத்தில் முடியும். கவிதையாக்கப் போட்டியில் தலைப்பை அங்கே வைத்துத்தான் தருவார்கள். என்ன தலைப்பு வருமோ என்று பிள்ளை திகைக்கக் கூடாது. ஆகவே எந்தத் தலைப்பு வந்தாலும் பொருந்தும் கவிதை ஒன்றை நாமே எழுதி, மனனம் செய்விக்க வேண்டும். நான் தயாரித்தது இது:

“_____ நீ இல்லையேல்
இவ்வுலகம் இருளல்லவா!
_____ உன் பெருமை சொல்லத்
தமிழில் சொல்லுமுண்டா!”

தாய் வந்தால் தாயை வை. ஆசான் வந்தால் ஆசானை வை. மரம், நூலகம், ஒற்றுமை எதையும் வைக்கலாம். தாய் என்றால் மட்டும் காலடியில் சுவர்க்கம் என்பதைச் சேர்க்க வேண்டும். சேர்க்காவிட்டால் நடுவர் வீட்டுக்குப் போய் உம்மாவுக்குப் பதில் சொல்ல முடியாது.

மூன்று வருடம் வென்றோம். நாலாம் வருடம் தலைப்பு டெங்கு. என் மாணவன் சொன்னபடி செய்தான். “நுளம்பே நீ இல்லையேல் இவ்வுலகம் இருளல்லவா” என்று தொடங்கி, தமிழில் சொல்லுமுண்டா என்று முடித்துவிட்டு வந்தான். நடுவர்கள் மூவரும் சிரித்ததாகக் கேள்வி. எனக்கு அன்று அவன்மேல் கோபம். ஓய்வுபெற்ற பிறகு யோசித்துப் பார்த்தால், அந்தச் சட்டத்துக்குள் முதன்முதலாக உயிர் வந்த கவிதை அதுதான்.

6. உயிர் இருந்தால் திருத்தலாம்

சில பிள்ளைகள் சொல்லிக்கொடுக்காமலே எழுதிவிடுவார்கள். இவர்களிடம் சிவப்புப் பேனையோடு போக வேண்டும். எட்டாம் தரத்துப் பிள்ளை ஒருத்தி கணக்குக் கொப்பியின் கடைசிப் பக்கத்தில் எழுதிக்கொண்டு வந்தாள். அவளுடைய வாப்பா கட்டாரில் வேலை. கவிதை இப்படிப் போனது: வெள்ளிக்கிழமை ஐமோவில் வாப்பா வருவார், பேசிக்கொண்டு இருக்கும்போதே முகம் அப்படியே நின்றுவிடும், குரல் மட்டும் வரும், உம்மா போனைத் தூக்கிக்கொண்டு ஜன்னலுக்குப் போவா, கிணற்றடிக்குப் போவா, தம்பி நின்றுபோன முகத்துக்குச் சோறு ஊட்டுவான்.

நான் திருத்தினேன். “ஐமோ கவிதையில் வரக் கூடாது புள்ள, அது ஆங்கிலம்” என்று வெட்டினேன். “போவா” பேச்சுமொழி, வெட்டினேன். கிணற்றடி தலைப்புக்குத் தொடர்பில்லை. தம்பியின் சோறு யாருக்கும் விளங்காது. மேலே “கடல் கடந்த தந்தையே” என்று எழுதிக் கொடுத்தேன். பிள்ளை வாசித்துவிட்டு, “இது ஆர்ர வாப்பா சேர்?” என்று கேட்டாள். அதற்குப் பிறகு அவள் ஒன்றும் எழுதிக்கொண்டு வரவில்லை. திருத்தம் அவ்வளவு முழுமையானது.

உள்ளூர்க் கவிஞர்களைக் கௌரவிக்க மறக்காதீர்கள். புரட்சிக்கமால் இந்த ஊர்க்காரர். காத்தான்குடியில் அப்துல் காதர் லெப்பை இருந்தார். தெற்கே நீலாவணையில் 43 வயதில் போய்விட்ட நீலாவணன், கல்முனையில் நுஃமான். இவர்களின் படத்தைப் பெரிதாக்கிச் சட்டம் போட்டு மாட்டுங்கள். புத்தகத்தை வாங்க வேண்டாம். நுஃமானும் நீலாவணனும் பக்கத்து வீட்டுக்காரனோடு பேசுகிற தமிழில் கவிதை எழுதலாம் என்று காட்டியவர்கள். அதைப் பிள்ளைகள் வாசித்துவிட்டால் என் சிவப்புப் பேனைக்கு என்ன வேலை?

7. உம்மம்மாவை உள்ளே விடாதீர்கள்

மட்டக்களப்புப் பக்கத்தில் கவி என்றால் அது வீட்டில் இருக்கிற பொருள். வயலுக்குப் போய்க் காவலிருக்கும் மச்சானுக்கு, வாக்குக் கொடுத்து மறந்தவனுக்கு, மகளைக் கொடுக்கச் சம்மதிக்காத மாமிக்கு என்று நாலு அடியில் கட்டிச் சொல்லுவார்கள். கட்டியவர்களில் மிகப்பலர் எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள். சூடடிக்கும் களத்தில் பொலிப்பாட்டு, கரைவலை இழுக்கையில் அம்பா, கல்யாண வீட்டில் குரவை. பண்டிதர் வி. சீ. கந்தையா 1964இல் வெளியிட்ட ‘மட்டக்களப்புத் தமிழகம்’ நூலில் இதையெல்லாம் மெனக்கெட்டுப் பதிந்துவைத்தார். டூயியும் 398 என்று நாட்டார் வழக்காற்றுக்கு இடம் ஒதுக்கியிருக்கிறார். எங்கள் அலுமாரியில் 398 என்று ஒரு தட்டு இருந்தது. அதில் சோக்குக்கட்டிப் பெட்டி வைத்திருந்தோம்.

பிள்ளை இந்தக் கவிகளைக் கொண்டுவந்தால், “இது பாடத்திட்டத்தில் இல்லை” என்று அன்பாகச் சொல்லி அனுப்புங்கள். கவிதைப் பட்டறைக்கு வெளியூரிலிருந்து வளவாளர் ஒருவரை அழையுங்கள். படிமம், குறியீடு, இருண்மை என்று அவர் கரும்பலகையில் எழுதட்டும். அதே நேரத்தில் மதிலுக்கு அந்தப் பக்கம், பிள்ளைகளைக் கூட்டிப்போக வந்து வேப்பமர நிழலில் குந்தியிருக்கும் மூத்தம்மா ஒருவர், தாமதமான ஓட்டோக்காரனைப் பற்றி எதுகையோடு ஏதோ சொல்லி மற்றவர்களைச் சிரிக்கவைத்துக்கொண்டிருப்பார். ஜன்னலைச் சாத்திவிடுங்கள். வளவாளரின் கவனம் கலையக் கூடாது.

8. ஐயமும் தெளிவும்

புத்தகம் வாங்கக் காசில்லையே? கவலையில்லை, பெனருக்குக் காசு வரும். யாராவது நூலகம் இணையத்தளத்தைப் பற்றிச் சொன்னால் காதில் போட்டுக்கொள்ள வேண்டாம். 2005இல் தொடங்கியது. இலங்கைத் தமிழ்ப் புத்தகங்களும் பழைய சஞ்சிகைகளும் ஆயிரக்கணக்கில் இலவசமாகக் கிடக்கின்றன, போனிலேயே வாசிக்கலாம். பூட்ட முடியாத நூலகம் அது. ஆபத்தானது.

பிள்ளைகள் புலமைப்பரிசில் கைடு மட்டும் கேட்கிறார்களே? அது பிள்ளைகள் கேட்பதல்ல, வாப்பாமார் கேட்பது. கொடுத்துவிடுங்கள், இரவல் கணக்கு உயரும்.

ஆசிரியர்கள் புத்தகம் எடுப்பார்களா? இதற்குப் பதில் சொல்ல வெட்கமாக இருக்கிறது. அடுத்த கேள்வி.

9. ஆணி விடயத்தில் எச்சரிக்கை

கடைசியாக, நான் விட்ட பிழையைச் சொல்லி முடிக்கிறேன். நீங்கள் விடக் கூடாது.

ஓய்வுபெற ஒரு வருடம் இருக்கையில் எனக்கு முழங்கால் வருத்தம் கூடிவிட்டது. ஒவ்வொரு இடைவேளையும் எழும்பிப்போய் அலுமாரி திறக்க முடியவில்லை. சுவரில் ஆணி ஒன்று அடித்துத் திறப்பைத் தொங்கவிட்டேன். கதிரையில் இருந்துகொண்டே அடித்ததால் ஆணி மூன்றடி உயரத்தில் அமைந்துவிட்டது. ஆறாம் தரத்துப் பிள்ளைக்கு எட்டும் உயரம் என்பது அப்போது புத்தியில் படவில்லை. மேசையில் ஒரு கொப்பியும் நூல் கட்டிய பேனையும் கிடந்தன. கொண்டுபோகிறவர்கள் பெயரை எழுதினார்கள். எழுத மறந்தவர்கள் மறந்தார்கள்.

வருட முடிவில் சேதம் பின்வருமாறு. முப்பத்தெட்டுப் புத்தகம் குறைவு. திரும்பி வந்தவற்றில் பலதின் ஓரம் மடிந்திருந்தது. ஒன்றில் மீன்குழம்புக் கறை. பேய்க் கதைப் புத்தகத்தின் முதுகில் இலக்கத் துண்டை யாரோ நகத்தால் சுரண்டி எடுத்துவிட்டு, பெயரைப் பேனையால் எழுதியிருந்தார்கள். கலைக்களஞ்சியத்தின் மூன்றாம் தொகுதியைக்கூடக் காணவில்லை. வின்டோஸ் 98 நாலு பிரதியும் பத்திரம்.

கணக்கெடுக்க வந்தவர் பதிவேட்டையும் அலுமாரியையும் மாறிமாறிப் பார்த்தார். குறைந்த முப்பத்தெட்டுக்கும் படிவம் எடுத்தார். காரணம் என்ற நிரலில் மழை, கறையான், களவு என்று எதைப் போடுவது என்று என்னைக் கேட்டார். நான் யோசித்துக்கொண்டிருக்கும்போது அவர் 398ஆம் தட்டுக்குப் போய்விட்டார். சோக்குக்கட்டிப் பெட்டியைக் காணவில்லை. அந்த இடத்தில் எண்பது பக்கக் கொப்பி ஒன்று நின்றது. பழுப்புத் தாளில் உறை போட்டு, சேர்வு இலக்கம் போடாமல், மற்றப் புத்தகங்களோடு வரிசையாக நிறுத்தியிருந்தார்கள்.

உள்ளே ஐந்தாறு பேரின் கையெழுத்து. ஒவ்வொரு பக்கத்திலும் ஒரு கவி, கீழே “எங்கட உம்மம்மா சொன்னது”, “மூத்தம்மா சொன்னது, மிச்சம் மறந்துட்டாவாம்” என்று குறிப்பு. நடுவில் ஓரிடத்தில் ஐமோ கவிதை இருந்தது. கிணற்றடியும் தம்பியின் சோறும் இருந்த இடத்துக்குத் திரும்பி வந்திருந்தன.

“சேர், இது பதிவேட்டில் இல்லையே” என்றார் வந்தவர்.

“இல்லைதான்.”

“குறைஞ்சா எழுதப் படிவம் இரிக்கி. கூடினா என்ன செய்யிற?”

எனக்கும் தெரியவில்லை. அவர் நின்றபடியே ஒரு பக்கம் வாசித்தார். இன்னொரு பக்கம் வாசித்தார். கதிரையை இழுத்துப்போட்டு உட்கார்ந்தார். இடைவேளை மணி அடித்து, முடிந்த மணியும் அடித்தது. எழும்பும்போது, இரண்டு நாளில் வாசித்துவிட்டுத் தருவதாகச் சொல்லிக் கொப்பியைக் கக்கத்தில் வைத்துக்கொண்டு போனார். மேசையிலிருந்த கொப்பியில் பெயர் எழுத மறந்துவிட்டார்.

இன்னும் வரவில்லை. ஆகவே சொல்கிறேன், ஆணியை உயரத்தில் அடியுங்கள்.